அப்பாவை எந்த ஏரிக்கரைக்குக் கூட்டிப் போகலாம்? (பெங்களூரு)

வைகைக்கரையான்
எல்லோருக்கும் வணக்கம். ஹூடி பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினொன்றாவது மாடியில் இருக்கிறோம். அம்மா தவறிய பிறகு அப்பாவை மதுரையிலிருந்து அழைத்து வந்து எட்டு மாதம் ஆகிறது. அவருக்கு வயது 71. உடம்பில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. பேச ஆள் இல்லாததுதான் நோய்.

மதுரையில் சாயங்காலம் ஐந்து அடித்தால் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குக் கிளம்பிவிடுவார். குளத்தைச் சுற்றியுள்ள கல்சுவரில் நாலைந்து பேர் வழக்கமாக உட்காருவார்கள். அவர் பையனாக இருந்தபோது அந்தக் குளம் பெரும்பாலும் காய்ந்தே கிடக்குமாம். உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடியிருக்கிறார். இப்போது தண்ணீர் நிற்கிறது, அதனால் கூட்டமும் கூடிவிட்டது.

எங்கள் குடியிருப்பிலும் ஒரு பூங்கா உண்டு. ஒருநாள் அப்பா வேட்டியோடு அங்கே உட்கார்ந்திருந்தார். அதை யாரோ படம் எடுத்து, "இவர் எந்த வீட்டு ஆள்?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டுவிட்டார்கள். கேட்டவர் தப்பாக நினைத்துக் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதற்குப் பிறகு அப்பா கீழே இறங்குவதில்லை.

தண்ணீர் தெரிய வேண்டும், உட்கார இடம் வேண்டும், காதில் கொஞ்சம் தமிழ் விழ வேண்டும், மெட்ரோவில் போக முடிய வேண்டும். இப்படி ஓர் இடம் இந்த ஊரில் உண்டா?

மீன்குழம்பு
நாலு நிபந்தனைக்கும் சேர்த்து ஒரே பதில்: அல்சூர் ஏரி. ஐந்தாவதாக மூக்கைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, நல்லவேளை.

அல்சூர்க்காரன்
தம்பி, ஹூடி என்றால் யோசிக்கவே வேண்டாம். பர்ப்பிள் லைனில் ஏறினால் வண்டி மாறாமல் ஹலசூரு நிலையத்தில் இறங்கலாம். சோமேஸ்வரர் கோயில் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பஜார் தெருக்கள் வழியாக மெதுவாக நடந்தால் பதினைந்து இருபது நிமிடத்தில் ஏரி வந்துவிடும். அப்பாவுக்கு நடை கஷ்டம் என்றால் ஆட்டோ பிடியுங்கள். ஆனால் அந்த நடையில்தான் பாதி விஷயமே இருக்கிறது. பூக்கடையில் தமிழ், இட்லிக் கடையில் தமிழ், சண்டையிலும் தமிழ்.

ஹலசு என்றால் கன்னடத்தில் பலா. பலாத்தோப்பு இருந்த ஊர் என்பதால் ஹலசூரு. வெள்ளைக்காரன் வாயில் அது அல்சூர் ஆகி, நமக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. 1809-ல் இங்கே கன்டோன்மென்ட், அதாவது ராணுவக் குடியிருப்பு, வந்தது. எங்கள் பாட்டி கடைசிவரை அதைத் 'தண்டு' என்றுதான் சொல்வார். சிவாஜிநகர் தண்டு மாரியம்மன் பெயரில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. மெட்ராஸ் படையோடு சிப்பாய்கள் வந்தார்கள். அவர்களுக்குத் துணி வெளுக்க, கட்டடம் கட்ட, சாமான் வாங்கிக் கொடுக்க என்று பின்னாலேயே ஊர் ஊராக நம்மவர்கள் வந்தார்கள். என் கொள்ளுத்தாத்தா வந்தது செங்கல் வேலைக்கு.

ஏரி சுமார் 123 ஏக்கர். நடுவே சின்னச் சின்னத் தீவுகள். ஒரு பக்கக் கரை மெட்ராஸ் சாப்பர்ஸ் வசம். 1780-ல் தொடங்கிய படைப்பிரிவு அது. ராணுவத்தில் இன்றைக்கும் அவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். கென்சிங்டன் ரோடு பக்கம் குருத்வாரா, இந்தப் பக்கம் திருவள்ளுவர் சிலை, அண்ணாசாமி முதலியார் ரோட்டில் தமிழ்ச் சங்கம். சங்கம் 1950-லிருந்து இருக்கிறது, நூலகமும் உண்டு. அப்பாவுக்குப் படிக்கும் பழக்கம் இருந்தால் மழை நாளுக்கு அது உதவும்.

வைகைக்கரையான்
அண்ணா, மிக்க நன்றி. தினசரியை விளம்பரம் விடாமல் படிக்கிற ஆள் அவர். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறோம்.

ஏழரை மணி
போவதற்கு முன் ஒரு வார்த்தை. நான் பல வருடமாகக் காலையில் அங்கே நடக்கிறவன். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு, தினமும் நாற்பது நிமிடம் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏரிக்கரையில் நடைபாதை போட்டிருப்பது நடக்கத்தான். ஆனால் நடப்பது என்ன? பாதி அகலத்தில் நாலு பேர் நின்று அரசியல் பேசுகிறார்கள். வேர்க்கடலைத் தோல், டீ கப், பாக்கு எச்சில். பொரி வாங்கி மீனுக்குப் போடுகிறோம் என்று பிளாஸ்டிக் பையோடு போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. உட்காரும் கூட்டம் கூடக் கூடக் குப்பை கூடுகிறது. என்னைக் கேட்டால் பெஞ்சைக் குறைத்து, நடக்கும் நேரத்தில் மற்றவர்களைக் கட்டுப்படுத்த வேண்டும். பெரியவரைக் குறை சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

மீன்குழம்பு
"பெஞ்சைக் குறைத்து" — சார், ஸ்டென்ட் வைத்த நீங்களே இருபதாவது நிமிடத்தில் எங்கே உட்காருவீர்கள்?

ஏழரை மணி
உட்காருவேன். ஐந்து நிமிடம். எழுந்துவிடுவேன்.

காக்ஸ்டவுன் அக்கா
நடக்கிறவர், உட்காருகிறவர் என்று இரண்டு கட்சியாகப் பிரிக்கிறீர்கள். இரண்டு கட்சியிலும் இருப்பது ஆண்கள் மட்டும்தான் என்பதைக் கவனித்தீர்களா?

நான் அந்த ஏரியைச் சுற்றி வருகிறவள். கால் வலித்தாலும் உட்கார மாட்டேன். ஏன் என்றால், ஒரு பெண் தனியாகப் பெஞ்சில் உட்கார்ந்தால் கடந்து போகிற ஒவ்வொருவரும் "யாருக்காகக் காத்திருக்கிறாள்?" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். நடந்துகொண்டே இருந்தால் அந்தக் கேள்வி வராது. செருப்புக்குப் பதில் ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டால் இன்னும் பாதுகாப்பு. "உடம்பைக் குறைக்க வந்திருக்கிறாள்" என்று அவர்களே ஒரு காரணம் சொல்லிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்கா அந்த வழியாகத்தான் தினமும் வீட்டுக்குப் போகிறார். ஒருநாளும் உள்ளே நுழைந்ததில்லை. "அது வாக்கிங் போறவங்க இடம்" என்றார். போர்டில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அவர் படித்தது சரிதான் என்று எனக்குப் பட்டது.

பெஞ்சைக் குறைப்பதற்குப் பதிலாக, சுத்தமான கழிப்பறையும் மர நிழலுக்கு அடியிலும் எட்டும்படி விளக்கும் கேளுங்கள். யார் வருகிறார்கள் என்பது தன்னால் மாறும்.

அல்சூர்க்காரன்
அக்கா சொன்னது சுருக்கென்று தைத்தது. என் அம்மா ஐம்பது வருடம் ஏரிக்கு ஒரு தெரு தள்ளி வாழ்ந்தவர். அவர் ஏரிக்கரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பிள்ளையார் கரைக்கும் நாளில் மட்டும் நிற்பார்.

சர்ஜாபூர்வாசி
நேரத்தைப் பற்றியும் பேச வேண்டும். முன்பெல்லாம் மாநகராட்சிப் பூங்காக்களை நடுப்பகலில் பூட்டிவிடுவார்கள். காலையில் நடக்கிறவர்கள் போனதும் பூட்டு, சாயங்காலம் நடக்கிறவர்கள் வரும்போது திறப்பு. அலுவலகம் போகிறவர்களின் கடிகாரம் அது. உணவு டெலிவரி பையன் பதினொரு மணிக்கு நிழலில் சாய வேண்டும் என்றால், வீட்டு வேலை முடித்த அக்கா இரண்டு மணிக்குக் கால் நீட்ட வேண்டும் என்றால் கேட் மூடியிருக்கும். 2024-ல்தான் காலை 5 முதல் இரவு 10 வரை திறந்து வைக்க வேண்டும் என்று சொன்னார்கள். ஏரிக்கரைகளில் இது இடத்துக்கு இடம் வேறுபடும். போகும்முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் கைகொண்டனஹள்ளி ஏரி. சர்ஜாபூர் ரோட்டில் 48 ஏக்கர். கழிவுநீரும் கட்டட இடிபாடுமாகக் கிடந்ததை 2009 வாக்கில் அக்கம்பக்கத்து மக்களும் மாநகராட்சியும் சேர்ந்து மீட்கத் தொடங்கினார்கள். அதில் எனக்குப் பிடித்தது, பழைய ஊர்க்காரர்களையும் கேட்டார்கள் என்பது. மாட்டுக்குப் புல் அறுப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள் எல்லாம் ஏரியின் ஆட்கள்தான் என்று வைத்துக்கொண்டார்கள். ஆனால் புதிதாகக் குடிவந்த சிலருக்கு இன்னும் உறுத்துகிறது. புல்கட்டைத் தலையில் வைத்துப் போகும் ஓர் அம்மாவைப் பார்த்து, "இவர்களை யார் உள்ளே விட்டது?" என்று என் பக்கத்தில் நடந்தவரே கேட்டார். அந்த அம்மாவின் ஊரில்தான் நாம் நடக்கிறோம் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு நடப்பதில்லை. பரவாயில்லை, வேகமும் ஒத்துவரவில்லை.

இந்த ஊரில் பெரிய ஆறு கிடையாது. ஏரிகள் எல்லாம் மனிதர் வெட்டியவை. கரை கட்டி, மடை வைத்து, ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு வழியும்படி சங்கிலியாகக் கட்டியது. நம் பக்கம் நீர்க்கட்டி என்று சொல்வோமே, மடை திறந்து மூடுகிறவர், அதே வேலைக்கு இங்கே நீருகண்டி என்று பெயர். குழாயில் காவிரி வந்த பிறகு அந்த வேலையும் போனது, ஏரியைக் கவனிக்க வேண்டிய தேவையும் போனது. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையம் ஆனது. சம்பங்கி ஏரியில் கண்டீரவா ஸ்டேடியம் நிற்கிறது. கரகத் திருவிழாவின்போது மட்டும் சம்பங்கியில் மிச்சம் இருக்கும் குட்டையைத் தேடி வருகிறார்கள்.

ஒசூர் பஸ்
சங்கிலி என்று சொன்னீர்கள், அதை முடித்துவிடுகிறேன். தினமும் ஒசூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவன் நான். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

அல்சூர் ஏரி நிரம்பினால் வழிந்து பெல்லந்தூர் ஏரிக்குப் போகும். அங்கிருந்து வர்த்தூர். வர்த்தூரிலிருந்து தென்பெண்ணை. அப்புறம் எங்கள் ஊர் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, திருக்கோவிலூர், கடைசியில் கடலூரில் கடல். நகரத்துக்கு மேற்கே போகிற விருஷபாவதியின் கழிவு அர்க்காவதியில் விழுந்து காவிரிக்குப் போகிறது. ஆக, எந்தப் பக்கம் கொட்டினாலும் கடைசியில் தமிழ்நாட்டுக்குத்தான். பெல்லந்தூரில் நுரை பொங்கியதும் ஏரியே தீப்பிடித்ததும் செய்தியில் வந்தன. அதே நுரை கெலவரப்பள்ளியில் மதகு திறக்கும்போது மலைபோல நிற்பதை நான் பைக்கில் போகும்போது பார்த்திருக்கிறேன்.

மீன்குழம்பு
அதாவது மதுரைக்காரர் அல்சூரில் உட்கார்ந்து பார்க்கிற தண்ணீரைக் கடலூர்க்காரர் பிறகு பார்ப்பார்.

ஒசூர் பஸ்
பார்ப்பார், நீங்கள் நினைக்கிற அழகில் இல்லை. 2016 மார்ச்சில் அல்சூரில் ஆயிரக்கணக்கில் மீன் செத்து மிதந்ததே, நினைவிருக்கிறதா? எல்லோரும் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்றார்கள். விஷம் தேவையே இல்லை. சாக்கடை உள்ளே வந்தால் பாசிக்கு அது விருந்து. பகலில் வெயில் இருக்கும்வரை பாசி ஆக்சிஜன் விடும். இரவில் அதுவே ஆக்சிஜனை இழுக்கும். சாக்கடையைத் தின்கிற பாக்டீரியா வேறு இழுக்கும். விடியும் நேரத்துக்குத் தண்ணீரில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு வந்துவிடும். கோடையில் தண்ணீர் சூடாக இருந்தால் கரைந்திருப்பதே குறைவு. மீன் மூச்சுத் திணறிச் சாகும். காலையில் நடக்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பதற்குக் காரணமும் அதுதான்.

ஆகாயத்தாமரையை அள்ளுவது, வேலிக்கு வர்ணம் அடிப்பது எல்லாம் முகப்பூச்சு. ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாக வருகிற சாக்கடையை ஏரிக்கு வெளியிலேயே மடக்கிச் சுத்திகரிக்காமல் பூங்காவை மட்டும் அழகுபடுத்தினால், நாற்றத்துக்கு முன்னால் பெஞ்சு போட்ட கதைதான்.

ஏழரை மணி
இதில் நான் உங்களோடு முழுதாக ஒத்துப்போகிறேன். மீன் செத்த அந்த வாரம் நான் நடக்கவே போகவில்லை.

காக்ஸ்டவுன் அக்கா
நாற்றம் அடித்தபோதும் அந்தப் பெரியவர்கள் கூட்டம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது. நான் பார்த்தேன். அப்புறம் சிலர் சேர்ந்து மாநகராட்சிக்கு மனு எழுதினார்கள். என் கணவரும் கையெழுத்துப் போட்டார். நடக்கிற நாங்கள் வேறு பூங்கா தேடிப் போய்விட்டோம் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

புதுமுகம்_23
தமிழ், தமிழ் என்கிறீர்கள். கர்நாடகத்தில் இருந்துகொண்டு தமிழ் கேட்கிற பூங்கா தேடுவது சரியா? இதனால்தானே பிரச்சினை வருகிறது.

அல்சூர்க்காரன்
தேடவில்லை தம்பி, அது அங்கேயே இருக்கிறது. அந்தப் பெஞ்சுகளில் தமிழ், கன்னடம், தெலுங்கு, தக்கனி உருது எல்லாம் ஒரே வாக்கியத்தில் வரும். எங்கள் பேச்சைக் கேட்டால் மதுரைக்காரருக்கு முதல் வாரம் தலை சுற்றும்.

பிரச்சினை வந்ததும் உண்மை. 1991-ல் நான் கல்லூரி மாணவன். காவிரிக் கலவரத்தில் எங்கள் தெருவில் விளக்கைப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டுக் கௌடா குடும்பம் எங்களைத் தங்கள் வீட்டில் தூங்க வைத்தது. அந்த வருடம் வைத்த வள்ளுவர் சிலை 18 வருடம் திறக்கப்படாமல் மூடியே நின்றது. தினமும் அந்த மூட்டையைக் கடந்துதான் வேலைக்குப் போவேன். 2009 ஆகஸ்ட் 9 அன்று கருணாநிதி வந்து திறந்தார். எடியூரப்பாதான் அப்போது இங்கே முதல்வர். நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். திறப்பு நாளில் அத்தனை போலீஸ். மறுநாள் போனேன். சிலையின் நிழலில் ஒருவர் இளநீர் வண்டியை நிறுத்தியிருந்தார். எனக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது.

நெறியாளர்
மொழிச் சண்டை வேண்டாம், இழை நன்றாகப் போகிறது. வைகைக்கரையான், ஞாயிறு போனீர்களா?

வைகைக்கரையான்
போனோம். மூன்று ஞாயிறும் போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன்.

முதல் வாரம் தோல்வி. அப்பா வேலியைப் பிடித்து நின்று, "படியே இல்லையேடா, தண்ணியத் தொட முடியாதா?" என்றார். அதையே நாலு தடவை சொன்னார். தெப்பக்குளத்தில் நாலு பக்கமும் படி. இங்கே கம்பி. சாக்கடை கலந்த தண்ணீர், தொடாமல் இருப்பதே நல்லது என்று சொன்னேன். "தொட முடியாத தண்ணி எதுக்கு?" என்று கேட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். கூழைக்கடா ஒன்று தீவுப் பக்கம் இறங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம். அவ்வளவுதான். மெட்ரோவில் திரும்பும்போது ஒன்றும் பேசவில்லை.

இரண்டாவது வாரம் அவரே பஜாரில் நின்று பட்டாணி சுண்டல் வாங்கினார். (ஏழரை மணி ஐயா, பொட்டலத்தைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.) பக்கத்துப் பெஞ்சுக்காரர் தினசரியில் ராசிபலனைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். அப்பா "கடகத்துக்கு என்ன போட்டிருக்கான்?" என்று கேட்டார். எட்டு மாதத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம் அவர் பேசிய முதல் வாக்கியம் அது. நான் பூவரசு மரம் பார்ப்பதுபோலக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

மூன்றாவது வாரம் பெரிய தகராறு. ராசிபலன்காரர் வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது இங்கே. எங்கள் ஏரி மாதிரி உங்கள் ஊரில் உண்டா என்று கேட்டிருக்கிறார். அப்பா விடுவாரா? திருமலை நாயக்கர் மண் எடுக்கத் தோண்டியது, தைப்பூசத்துக்கு மீனாட்சி வந்து தெப்பம் ஏறுவது எல்லாம் சொல்லிவிட்டு, அளவிலும் தெப்பக்குளம்தான் பெரியது என்று அடித்துச் சொல்லிவிட்டார். அவர்கள் நாலு பேர், அப்பா தனி ஆள். குரல் இந்தப் பக்கம் வரை கேட்டது. வீட்டுக்கு வந்தும் கோபம் ஆறவில்லை. இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். இப்போது செவ்வாய்க்கிழமையே போக வேண்டுமாம். பாக்கி வாதம் இருக்கிறதாம். மெட்ரோ கார்டு தனியாக வாங்கித் தரச் சொல்கிறார்.

ஒரே சிக்கல். அளவை எழுதி எடுத்து வா என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். தெப்பக்குளம் ஒரு பக்கத்துக்கு ஆயிரம் அடி கணக்கு. இந்த ஏரி 123 ஏக்கர் என்று அண்ணன் மேலே எழுதியிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அல்சூர் ஐந்து மடங்குக்குக் குறையாது. என்ன சொல்லட்டும்?

ஏழரை மணி
செவ்வாய் காலையா, மாலையா? காலை என்றால் நான் இருப்பேன். ஹலசூரு நிலையத்தில் இறங்கி வழி தெரியாமல் நின்றால் சொல்லுங்கள், கூட்டி வருகிறேன். அந்தப் பெஞ்சு எனக்குத் தெரியும். பாதையை மறிக்கிற கூட்டம் அதுதான்.

காக்ஸ்டவுன் அக்கா
ஐயா, ஐந்து நிமிடம்தான் உட்காருவீர்கள், நினைவிருக்கட்டும்.

ஒசூர் பஸ்
அளவைத் தள்ளுங்கள். தெப்பக்குளத்துத் தண்ணீர் சுத்தமா என்று அவர்கள் கேட்டால் அப்பா ஜெயித்துவிடுவார். பேச்சை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.

மீன்குழம்பு
தேடினேன், நெட் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

அல்சூர்க்காரன்
நான் அதே பெஞ்சுக் கூட்டத்தில் ஒருவனுக்குச் சொந்தக்காரன். அவர்களுக்கும் ஏக்கர் கணக்கு தெரியாது. நானும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.